காரியின் கழுத்தும் கண்டன ஊர்வலமும்

ஒரு காட்டில், அதாவது பெட்ரோல் பங்க் வந்து ஆறு வருடமான ஒரு காட்டில், காரி என்றொரு காளை இருந்தது. பத்து வருடம் பாரவண்டி இழுத்து அதன் கழுத்து புண்ணாகிவிட்டது. "இனி நுகத்தடி ஏறினா கழுத்து அவ்வளவுதான்" என்று மரங்கொத்தி டாக்டர் சொல்லிவிட்டது. அதனால் மனைவி மயிலை தன் வெண்கல மணியை விற்று, ஒரு பழைய ஆட்டோ வாங்கிக் கொடுத்தது. காரி முயல் குட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனது. முயலுக்கு எதற்கு ஆட்டோ என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கும்தான் கால் இருக்கிறது.

பெட்ரோல் விலை தொண்ணூறிலிருந்து நூற்று நான்கானது. ஆட்டோ நின்றது. ராஜா சிங்கம் அறிக்கை விட்டது: "விலையை நாம் ஏற்றவில்லை. தூரதேசத்து ஒட்டகங்கள் ஏற்றுகின்றன."

மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் நரி வீட்டுக்கே வந்தது.

"காரியண்ணே, விலையேத்தத்தைக் கண்டிச்சு சபைக்கு மாட்டுவண்டியில போறேன். நீங்கதான் இழுக்கணும்."

"கழுத்துல புண்ணு, தலைவரே."

"நான் ராஜாவானா மறுநாளே விலை குறையும். அப்புறம் நீங்க ஆட்டோவை விட்டு இறங்கவே வேண்டாம்."

மயிலை குறுக்கிட்டது. "நீங்க இப்ப எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

"எங்கே, காணோம்?"

"மூங்கில் புதருக்குப் பின்னால. ஃபோட்டோவுல விழுந்துடும்ல?"

இதற்கு அப்புறமும் காரி நம்பியது. வண்டியில் நரியோடு பதினோரு நிர்வாகிகளும் ஒரு கேமராக் குரங்கும் ஏறின. மேடு ஏறி முடித்ததும் குரங்கு, "வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை" என்றது. இன்னொரு தடவை ஏறியது காரி. கழுத்தில் ரத்தம் வந்தது. படம் நன்றாக வந்தது.

தேர்தலில் நரி ஜெயித்தது. விலை நூற்றுப் பத்தானது. கழுத்தில் கட்டோடு காரி போய்க் கேட்டது. சிங்கம் விட்டுப்போன மேஜை டிராயரிலிருந்து அதே அறிக்கையை எடுத்து, நரி தடங்கலில்லாமல் வாசித்தது.

அடுத்த வாரம் சிங்கம் வந்தது. அது நடந்தே வந்தது. காரை அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது.

"தம்பி காரி, மக்கள் படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கலை. வண்டியைப் பூட்டு."

ஒழுங்கான கதையாக இருந்தால் இந்த இடத்தில் காடே ஒன்றுசேரும், தலைவர்களுக்குப் புத்தி வரும். மயிலைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அடுப்பில் பருத்திக்கொட்டை கிடந்தது.

"வண்டி தரோம். நாள் வாடகை ஆயிரம். இவர் இழுக்க மாட்டார்."

"அப்ப யாரும்மா இழுக்கிறது?"

"உங்க கட்சியில வட்டச் செயலாளர் பதவி காலியா இருக்குன்னு சொல்லிப் பாருங்க."

சிங்கம் சொல்லிப் பார்த்தது. நுகத்தடிக்கு நான்கு கரடிகள் அடித்துக்கொண்டன.

விலை ஏற ஏற ஊர்வலமும் ஏறியது. நரிக் கட்சியும் சும்மா இருக்கவில்லை, ஒட்டகங்களைக் கண்டித்துத் தனியாக ஊர்வலம் போனது. காரியும் மயிலையும் ஆட்டோவை விற்று, அந்தப் பணத்தோடு வாடகைப் பணத்தையும் சேர்த்து இன்னும் மூன்று வண்டி வாங்கின. காரியின் கழுத்து ஆறி, புது ரோமம் முளைத்தது.

திடீரென்று ஒரு காலையில் விலை எட்டு ரூபாய் குறைந்தது. காடு பட்டாசு வெடித்தது. ஒரு வாரமாக வண்டி கேட்டு ஒருவரும் வரவில்லை.

"இப்படியே போனா நீங்க மறுபடி மூட்டை இழுக்கணும்" என்றது மயிலை. காரி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

இரண்டும் போய் அரண்மனை வாசலில் குறுக்கே படுத்தன. நரி பதறி ஓடி வந்தது.

"அதான் விலையைக் குறைச்சாச்சே! இன்னும் என்ன வேணும்?"

"ராஜினாமா" என்றது காரி.

"பழைய விலையைத் திரும்பக் கொண்டு வர்றவருக்குத்தான் எங்க ஓட்டு" என்றது மயிலை.

நீதி: விலையேற்றத்தை எதிர்த்துத் தாராளமாகப் போராடுங்கள். வண்டி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்; இழுப்பது வேறு யாராவதாக இருக்கட்டும்.