எட்டாம் கோட்டையைப் பார்த்தவர்

"வெளாடவே செய்யாத வெளாட்டுச் சாமான ஒரு ஆளு எதுக்குட்டி சேத்துச் சேத்து அடுக்கணும்?"

என் தோழி இசக்கிச்செல்வி இதைக் கேட்டபோது நாங்கள் பிளஸ் டூ முடித்திருந்தோம். குத்துக்கல்வலசையில் அவள் வீட்டு மாடிப்படியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கேள்வி அவளுடைய அப்பாவைப் பற்றியது. எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கேட்ட பல கேள்விகளுக்கும் தெரியவில்லை, அது வேறு விஷயம். இந்தக் கேள்விக்கு இப்போது தெரியும். சொல்வதற்கு முன்னால் அந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

இனத்தின் பெயர் கேசட் ஊதுவோர்.

பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். கல்யாணம் ஆகியிருக்கும், லேசாகத் தொப்பை விழுந்திருக்கும், பேச்சில் நிதானம் வந்திருக்கும். ஆனால் தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய அந்தப் பிளாஸ்டிக் பெட்டியையும், அதன் தலையில் சொருகுகிற கேசட்டையும் எங்கேயாவது கண்டுவிட்டால் போதும். பேச்சு பாதியில் நின்று, முகம் பதின்மூன்று வயசுக்குப் போய், கேசட்டை இரண்டு கையாலும் ஏந்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைக் குவித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் புல்லாங்குழல் வித்வானைப் போல ஓர் ஊது ஊதுவார்கள். ஏன் ஊத வேண்டும்? தூசி போவதற்காம். தூசி இல்லையென்றால்? அப்போதும் ஊதுவார்கள். எச்சில் பட்டு உள்ளே செம்பில் பச்சை பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் நேத்து வந்த பயலுவ சொல்லுதது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை ஊதுவார்கள்.

தென்காசி வட்டாரத்தில் இந்த இனம் முப்பத்தேழு உருப்படி இருக்கிறது. அவர்களுடைய வாட்ஸப் குழு அப்படித்தான் கணக்குச் சொல்கிறது. அந்தக் குழுவின் அட்மின் இசக்கிச்செல்வியின் அப்பா தில்லைநாயகம். வயது நாற்பத்தொன்று. யானைப்பாலம் பக்கம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் அவரும் மனைவி சங்கரேஸ்வரியும். மற்றதில் நாற்பத்திரண்டு டிவி கேம் பெட்டிகளும் இருநூறு சொச்சம் கேசட்டுகளும் ஒரு பழைய பெட்டி டிவியும். சாரல் காலத்தில் ஈரம் ஆகாது என்று கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி அவற்றுக்கு ஒரு குண்டு பல்பும் எரியும். இசக்கிச்செல்வி எங்கே படுக்கிறாள் என்று கேட்கிறீர்களா? ஹாலில்.

இந்த இனம் எதையும் விலைக்கு வாங்காது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும். அதுதான் கௌரவம். இலஞ்சி பிச்சைமணி வந்தால் மாற்றுப் படலம் எப்படி நடக்கும் என்று பாருங்கள். பிச்சைமணி ஆயுதப்படைப் போலீஸ்காரர். வேலையில் நிஜத் துப்பாக்கி. வீட்டில் டிவியில் வாத்து சுடுகிற பிளாஸ்டிக் துப்பாக்கி பதினொன்று. அந்தத் துப்பாக்கி பெட்டி டிவியில்தான் சுடும், தட்டை டிவியில் சுடாது. பிச்சைமணி வீட்டில் இருப்பது தட்டை டிவி. ஆகவே பதினொன்றும் இதுவரை ஒரு வாத்தைக்கூடத் தொந்தரவு செய்ததில்லை.

"அண்ணாச்சி, கொடுக்கணும்னு கொண்டாரல. சும்மா காட்டுதேன்" என்று பையைத் திறந்து ஒரு கேசட்டை எடுப்பார்.

"நானும் சும்மாதான்டே பாக்கேன்" என்று தில்லைநாயகம் பிடுங்குவார். "ஓடுமா?"

"சூப்பர் கண்டிஷன்."

"ஓட்டிப் பாத்தியா?"

"ஓட்டிப் பாத்தா பழசாயிரும்லா!"

தில்லைநாயகம் தலையை ஆட்டுவார். அது நியாயமான பதில்தான். இந்த இனத்துக்குள் அதைவிட நியாயமான பதில் கிடையாது.

பிறகு ஞாபகப் படலம். இதில் முந்திக்கொள்பவர் குழுவிலுள்ள ஜெஸ்வின். "தொண்ணூத்தஞ்சு பெரிய லீவுல ஒரே ஒரு பெட்டிக்கு தெருவே வரிசையில நிக்கும், நெனவிருக்கா அண்ணாச்சி?" என்று ஒரு பெருமூச்சு விடுவார். ஜெஸ்வின் பிறந்தது 2003-இல். பிறப்பதற்கு எட்டு வருஷத்துக்கு முந்திய லீவை இவ்வளவு துல்லியமாக நினைத்து உருகுகிற ஆளை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

எல்லாரும் உருகி முடித்ததும், கடைசியில் தில்லைநாயகம் தொண்டையைச் செருமுவார். அதோடு அறை அமைதியாகிவிடும். ஏனென்றால் முப்பத்தேழு பேரில் எட்டாம் கோட்டையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கோட்டை என்றால் என்ன? ஒரு மஞ்சள் கேசட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அட்டையில் அச்சடித்த பாஷை யாருக்கும் தெரியாததால் பிள்ளைகளே அதற்குக் 'குடைக்காரன்' என்று பேர் வைத்தார்கள். ஒரு குட்டை மனிதன் குடையை விரித்து மதிலுக்கு மதில் தாவுவான். கீழே குழி, மேலே வௌவால். மொத்தம் எட்டுக் கோட்டை. ஆறாவதைத் தாண்டியவர்களே இந்தப் பக்கம் அபூர்வம். தில்லைநாயகம் 1997-இல், எட்டாம் வகுப்பில், கடையநல்லூரில் கூட்டாளி மசூது வீட்டில் வைத்து எட்டையும் தாண்டினார். தாண்டினால் என்ன வரும்? ராணி வருவாள், குடைக்காரனுக்கு மாலை போடுவாள். இது 1997-இல் அவர் சொன்னது. கல்யாணம் ஆன வருஷத்தில் ராணிக்குப் பின்னால் ஒரு யானை சேர்ந்தது. வாட்ஸப் குழு தொடங்கிய வருஷத்தில் மேளச் சத்தம் கேட்டது. போன சாரலுக்கு வானத்திலிருந்து பூவே கொட்டியது.

"கூகுளில் பார்க்கலாமே, போனில் அந்த விளையாட்டு கிடைக்குமே" என்று கேட்டுவிடாதீர்கள். போனில் விளையாடுவது, அருவியைப் போட்டோவில் பார்த்துவிட்டுத் தலை துவட்டுகிற மாதிரி என்பது குழுவின் முதல் விதி. மீறினால் நீக்கிவிடுவார்கள்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இசக்கிச்செல்வி குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை.

"எம்புள்ள ஹால்ல சீரியல் சத்தத்துல ஒக்காந்து படிக்கா" என்றார் சங்கரேஸ்வரி. "ஒங்க பொட்டியெல்லாம் உள்ள லைட்டப் போட்டுக்கிட்டுச் சொகமாத் தூங்குது."

"சீரியல நிப்பாட்டேன்."

"நான் சீரியலாவது பாக்கேன். நீங்க அதுல என்னத்தப் பாக்கீய?"

அப்போது பிச்சைமணியும் ஜெஸ்வினும் வீட்டில் இருந்தார்கள். இசக்கிச்செல்வி புத்தகத்தை மூடினாள். "யப்பா, நீங்க எட்டாங் கோட்டையத் தாண்டுனது நெசந்தான?"

"பின்ன பொய்யா?"

"மசூது மாமா வீட்டுக்கு வெள்ளையடிக்கையில அந்த மஞ்சக் கேசட்டு பரண்ல கெடச்சிட்டாம்லா. வார ஞாயித்துக்கெழம கொண்டாராவ. எல்லாரு முன்னாலயும் ஒருக்கா தாண்டிக் காட்டுங்க. தாண்டிட்டா ரூமு ஒங்களுக்கு, நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன். தாண்டலன்னா எனக்கு."

பிச்சைமணியும் ஜெஸ்வினும் அட்மினையே பார்த்தார்கள். அட்மின் என்ன செய்வார்? சிரித்தார். "போட்டி ஒத்துக்கிட்டேன்" என்றார். சிரிப்பு மீசையோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். மசூது சவுதி தம்மாமிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவர், அருவியைப் பார்க்காமல் கேசட்டை வெளியே எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான்கு பேரும் ஐந்தருவியில் தலைக்கு எண்ணெய் வைத்து உதறிக் குளித்தார்கள், பரோட்டா தின்றார்கள், பகல் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். வாசல் நிலையில் சங்கரேஸ்வரி, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் இசக்கிச்செல்வி, ஜன்னலோரம் நான்.

மசூது மஞ்சள் கேசட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். தில்லைநாயகம் வாங்கினார். ஊதினார். திருப்பி ஊதினார். பெட்டியில் சொருகி, எடுத்து, மூன்றாவது தடவையும் ஊதினார். திரையில் கோடு ஓடிற்று, பிறகு குடைக்காரன் வந்து நின்றான். ஜெஸ்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் தாவலில் குடைக்காரன் குழிக்குள் போனான்.

"வயரு லூசு" என்றார் தில்லைநாயகம்.

இரண்டாவது தடவை வௌவால் அடித்தது. "அருவியில நின்னு வெரலு ஊறிக் கெடக்கு, பட்டன் வழுக்குது." துண்டால் விரலைத் துடைத்தார். மூன்றாவது தடவை முதல் கோட்டையைத் தாண்டினார், பிச்சைமணி கைதட்டினார், தட்டிய கை இறங்குவதற்குள் இரண்டாம் கோட்டையின் வாசலில் ஆட்டம் முடிந்தது. மறுபடி தொடங்கினார். ஃபேன் காற்று கண்ணில் பட்டது. மறுபடி தொடங்கினார். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. ஜன்னலை மூடினார்கள். இருட்டு ஆகாது என்றார். ஆறாம் ஆட்டமும் அதே இரண்டாம் கோட்டையில் முடிந்தபோது சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நாற்பத்திரண்டு பெட்டி சேர்த்த கை அது. ஒரு பெட்டியையாவது பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல விளையாடி எத்தனை வருஷம் இருக்கும்? பதில் நினைவுக்கு வரவில்லை. வேறொன்று வந்தது. 1997, கடையநல்லூர், பகல் நேரம், எட்டாம் கோட்டையின் கடைசிக் கதவு, குடைக்காரன் அதைத் தொடுவதற்கு ஒரே ஒரு தாவல், அப்போது 'டப்'பென்று கரண்டு போய் டிவி கறுத்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், "கதவத் தாண்டி என்னலே இருந்துது?" என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கேட்ட வாய்களை ஏமாற்ற மனசில்லாமல் வாயில் வந்தவள்தான் ராணி.

அறைக்குள் இது தெரிந்த இன்னொருவர் மசூது. அவரும் டீ டம்ளரோடு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"ஏ தில்லை," என்றார், "அன்னைக்கி எங்க வீட்டுல நாம ரெண்டு பேரும் கடைசிக் கதவு வரைக்கும் போனோம்லா? அப்பந்தான்..."

தில்லைநாயகத்தின் காது சிவந்தது.

"மாமா, டீ ஆறுது குடிங்க" என்றாள் இசக்கிச்செல்வி. "யப்பா, அத இங்கன தாங்க. நான் ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கேன்."

வயர் பற்றாது என்று சொல்லிப் பெட்டியைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டாள். ஊதவில்லை. ஒன்றாம் கோட்டை போனது. இரண்டு, மூன்று போயின. நாலாம் கோட்டையில் பிச்சைமணி எழுந்து நின்றுவிட்டார். ஆறாம் கோட்டையில் சங்கரேஸ்வரி, "வௌவாலு வருது, வௌவாலு வருது, குனிட்டி!" என்று உள்ளேயே வந்துவிட்டார். ஏழு போனது. எட்டாம் கோட்டையும் வந்தது. கடைசிக் கதவு திரையின் ஓரத்தில் தெரிந்தது. ஒரே ஒரு தாவல்.

தில்லைநாயகம் கதவைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்து ராணியும் யானையும் மேளமும் பூவும் அந்த ஒரு தாவலில் இருந்தன.

அப்போது திரை சிமிட்டி, முதல் பக்கம் வந்து நின்றது.

"ஐயையோ!" என்றாள் இசக்கிச்செல்வி. "ரீசெட்ல காலு பட்டுட்டுப்பா!"

அறை முழுக்க ஒரே கூச்சல். ஜெஸ்வின் தலையில் அடித்துக்கொண்டார். தில்லைநாயகம் மட்டும் அவளுடைய கால் பெருவிரலையே பார்த்தார். அது இன்னும் ரீசெட் பொத்தான் மேலேயே இருந்தது. பிறகு எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்தக் கதவுக்கு அங்கனதான் ராணி நிக்கும்."

மசூது டம்ளரைக் கீழே வைத்தார். நண்பனைப் பார்த்தார், அந்தப் பிள்ளையையும் பார்த்தார். "ஆமா," என்றார். "நிக்கும்."

மறுநாள் காலையில் தில்லைநாயகமே அறையைக் காலி செய்தார். யாரும் கேட்கவில்லை. பெட்டிகள் எல்லாம் இப்போது டைல்ஸ் கடை மாடியில் இருக்கின்றன. குளியலறைக்கு டைல்ஸ் பார்க்கப் போகிறவர்கள் குடைக்காரன் கதையைக் கேட்காமல் வெளியே வர முடியாது. இப்போது கதையில் மகளும் வருகிறாள்.

அறைக்குள் மேசை போட்டுப் படித்துக்கொண்டிருந்த இசக்கிச்செல்வியிடம் நான் கேட்டேன்: "எப்பிடிட்டி எட்டு வரைக்கும் போன?"

"போன்ல. ரெண்டு வாரம், அவங்க விதிய மீறி."

"அப்ப கதவத் தாண்டி என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. ஒரு நிமிசம் கறுப்பா இருக்கும். பொறவு திரும்பவும் ஒண்ணாங் கோட்ட. வௌவாலு மட்டும் கொஞ்சம் வேகமா வரும்."

"பின்ன ஏன் ரீசெட்ட மிதிச்ச?"

"அப்பாவுக்கு ரூமு போயிட்டு. ராணியும் போணுமா?"

அன்றைக்கு மாடிப்படியில் அவள் கேட்ட கேள்விக்கு, அவளே பதில் வைத்திருந்தாள். விளையாடினால் தோற்றுவிடலாம். அடுக்கி வைத்தால் தோற்கவே முடியாது.

இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்கள் வீட்டில் எந்த அலமாரியை யாரும் தொடக்கூடாது? உறை கிழிக்காத கேமராவா, நரம்பு அறுந்த கிடாரா, சாக்குப் போட்டு மூடிய புல்லட்டா? "அந்தக் காலத்துல நான்" என்று நீங்கள் தொடங்கும்போது உங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா? பக்கத்தில் யாருடைய கால் இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். யானைப்பாலம் டைல்ஸ் கடைப் பக்கம் சொல்ல நேர்ந்தால் மட்டும், ராணி மாலை போட்டாள் என்று முடித்துவிடுங்கள்.