சம்பந்தி மாமா கடித்த ரத்தக்குழாய்

இந்த நாட்டில் ஒரு இளம் டாக்டரின் கையில் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். நோயாளியின் ஃபைலைக் கொடுப்பார்கள், பெரிய டாக்டரின் கார் சாவியைக் கொடுப்பார்கள், டீ ஃபிளாஸ்க்கைக் கொடுப்பார்கள். ஊசியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். கேட்டால், "அனுபவம் இருக்கா?" என்பார்கள். ஊசியைக் கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்பார்கள். (எனக்கு வாய் ஜாஸ்திதான். அது வேறு விஷயம்.)

நான் படித்தது ரேடியாலஜி. ஆசைப்பட்டது அதில் ஒரு கிளை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. வயிற்றைக் கிழிக்காமல், தொடையில் ஓடும் ரத்தக்குழாயில் ஊசி போட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியையும் குழாயையும் உள்ளே விட்டு, திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே கல்லீரல்வரை, மூளைவரை போய் வைத்தியம் செய்வது. அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு மட்டும்தான் சட்டென்று புரிந்தது. "செவுத்த இடிக்காம பைப் அடைப்பு எடுக்கறது. அவ்ளோதானே?" என்றார். அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் "எக்ஸ்ரே எடுக்கறா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்பது. அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. யார் முதுகுக்குப் பின்னால் நின்றால் திரை கொஞ்சமாவது தெரியும் என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருமுறை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹோட்டலில் இளம் டாக்டர்களுக்குச் செய்முறைப் பயிற்சி என்று அறிவித்திருந்தார்கள். ஆசை ஆசையாகப் போனேன். பயிற்சி மெஷினைச் சுற்றிப் பேராசிரியர்கள் நின்று ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது மெஷின்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "பேக் பண்ணணும் மேடம். நீங்க வேணா அதும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குங்க" என்றார். கோபத்தில் போட்டோவும் எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் இந்தப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் காலியானது. நேர்முகத் தேர்வோடு செய்முறையும் உண்டு. ஜெல்லியால் செய்த தொடை ஒன்றை வைப்பார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து, உள்ளே இருக்கும் ரத்தக்குழாயில் சரியாக ஊசியைச் செருக வேண்டும். நானோ வாழ்நாளில் ஒரு தொடையையும் தொட்டதில்லை.

சேலையூரில் இருக்கும் என் தோழி ஸ்டெல்லா, போனில் மாட்டிக்கொள்ளும் குட்டி ஸ்கேன் கருவி ஒன்றை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இரவல் தருவதாகச் சொன்னாள். கருவி கிடைத்துவிட்டது. இனி தொடைக்கு எங்கே போவது?

அது ரம்ஜான் மாதம். நோன்பு திறக்க ஜெல்லி மாதிரி இனிப்பு செய்வதற்காக வீட்டில் கடல்பாசிக்குப் பஞ்சமில்லை. விடிவதற்கு முன் சாப்பிடும் சஹர் முடிந்த கையோடு பாசியைக் காய்ச்சினேன். ஸ்கேனில் சதை மாதிரி சாம்பல் நிறத்தில் தெரிவதற்காக, அத்தா மலச்சிக்கலுக்கு வைத்திருந்த இசப்கோல் டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். புதுக் கையுறையின் விரல்களை வெட்டி, உள்ளே ரோஸ் சர்பத் நிரப்பி, முடிச்சுப் போட்டு, நடுவில் வரிசையாகப் பதித்தேன். சரியாகக் குத்தினால் ஊசியில் சிவப்பு ஏறும். அதுதான் ரத்தக்குழாய். தொடையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை உலுக்கி, "அம்மா கிட்ட சொல்லிடு, இதை யாரும் தொடக் கூடாது" என்றேன். "ம்" என்றான். (கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான்.)

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகு வந்த முதல் ரம்ஜான் அது. அன்று சாயங்காலம் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தார்கள். வேலை முடிந்து, ஸ்டெல்லாவிடம் கருவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவிலேயே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், என் தொடை துண்டு துண்டாகத் தட்டில் இருக்கிறது.

அம்மாவின் கைவேலை அது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிவப்பு வருமாறு அளவாக வெட்டி, மேலே சீனிப்பாகு ஊற்றி, பாதாம் சீவித் தூவியிருந்தார். நோன்பு வைத்துச் சமைக்கும் வீட்டில் யாரும் ருசி பார்ப்பதில்லை. மற்ற நாளாயிருந்தால் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டதுமே என் தொடை தப்பித்திருக்கும். "எங்க டாக்டரம்மா தன் கையாலயே பண்ணது" என்று அம்மா பெருமையோடு நடுத் துண்டை எடுத்துச் சம்பந்தி மாமாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். பெரிய மனிதர், பெரிய மீசை, சலவை மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா. அவர் அந்தத் துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமா, கடிக்காதீங்க! அது ஃபெமரல் ஆர்ட்டரி!"

என் தொண்டையிலிருந்து வந்தது அதுதான், தொடை ரத்தக்குழாயின் பாடப்புத்தகப் பெயர். வேறு எதையாவது கத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் படிப்புதான் முந்திக்கொண்டது. மாமா திடுக்கிட்டுக் கடித்துவிட்டார். கையுறை விரல் வெடித்தது. மீசையும் ஜிப்பாவும் சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!" என்று சம்பந்தி மாமி அலறினார்.

"ரத்தமில்ல மாமி, ரோஸ் சர்பத்" என்றேன்.

மாமா வாயிலிருந்து ரப்பரை நிதானமாக இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது? பாசியில ரப்பர் கீது?"

"பாசிக்குள்ள எதுக்குடி ரப்பர வெச்ச?" என்று அம்மா என் மேல் பாய்ந்தார்.

"நான் பண்ணது பாசி இல்லம்மா. தொடை!"

மாமி தன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "யாரோட தொடை?"

அதற்குப் பிறகு எவ்வளவு விளக்கியும் பிரயோஜனம் இல்லை. எல்லோரும் மாமாவின் ஜிப்பாவைப் பற்றித்தான் பேசினார்கள். நாளைக்கு என் தேர்வு என்பதைப் பற்றி ஒரு ஜீவனும் பேசவில்லை. என் ரத்தக்குழாய்கள் அத்தனையையும் தின்று துப்பிவிட்டு, என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "நீ சொன்னியா என்ன?" என்றான். ஜென்மத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மறுநாள் தேர்வில் அவர்கள் வைத்தது வெளிநாட்டுத் தொடை. பளபளவென்று இருந்தது. திரையில் ஊசி முனையைத் தேடிக்கொண்டே ரத்தக்குழாயின் இந்தச் சுவரில் நுழைந்து அந்தச் சுவர் வழியாக வெளியே வந்துவிட்டேன். தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தனியா எத்தனை கேஸ் பண்ணியிருக்கீங்க?"

எனக்கு வந்ததே கோபம். "ஒண்ணும் இல்ல சார். எங்க காலேஜ்ல தொடவே விட மாட்டாங்க. வீட்டுல கடல்பாசியில பண்ணி வச்சேன். சம்பந்தி சாப்பிட்டுட்டார்."

அறையே சிரித்தது. தலைமை டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஆர்வம். கொஞ்சம் அனுபவம் சேர்த்துக்கிட்டு வாங்க" என்றார். எங்கே போய்ச் சேர்ப்பது? அத்தா கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டு வரவா? இடம் வேறு ஒருவருக்குப் போனது. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் போன். சம்பந்தி மாமா. இசப்கோல் தன் வேலையைக் காட்டியிருந்தது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "டாக்டரம்மா, ரொம்ப வருஷம் கழிச்சு இன்னிக்குத்தாம்மா வயிறு லேசா கீது. அந்தப் பாசி மிச்சம் கீதா?" என்றார். அந்த வாரம் என் திறமையை மெச்சிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு புண்ணியவான் முதல் நாளே என் கையில் ஊசியைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றார். படித்து முடித்து வந்து, இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் யாரையும் சுவரோரம் நிற்க விடுவதில்லை. முதலில் பாசித் தொடை. அதில் கை படிந்த பிறகு, என் கண் முன்னால் மனிதத் தொடை. பாசியில் இப்போது இசப்கோல் மட்டும்தான், சீனி கிடையாது.

சென்ற வருடம் சம்பந்தி மாமாவுக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. நடந்தால் கெண்டைக்காலில் வலி. "எங்க டாக்டரம்மா பண்ணட்டும். வேற யாரும் வேணாம்" என்று வந்து படுத்துவிட்டார். தொடையில் மட்டும் மரத்துப்போக மருந்து போட்டோம். மற்றபடி விழித்துத்தான் இருந்தார். என்னிடம் பயிலும் அருள்மொழி முதல் ஊசியைப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

மாமா தலையைத் தூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பொண்ணு இதுக்கு முன்னால எத்தனை பண்ணிகீது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. படுத்திருப்பவர் அவர், கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. இருந்தாலும் இந்தக் கேள்வியை இவருமா? என் பயிற்சியை முழுசாக விழுங்கிய மனிதரா? நான் வாயைத் திறப்பதற்குள் அருள்மொழியே பதில் சொல்லிவிட்டாள்.

"மனுஷங்களுக்கு நாலஞ்சு பேருக்குப் போட்டிருக்கேன் சார், மேடம் பக்கத்துல நிக்க. அதுக்கு முன்னாடி எல்லாம் கடல்பாசியிலதான்."

மாமாவின் முகம் தெளிந்தது. "பாசியில பண்ணிகீதுன்னா போடட்டும். நான் தின்னு பாத்துகீறேன். அசல் தொடை மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அருள்மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியைச் செருகினாள். முதல் குத்திலேயே பளிச்சென்று ரத்தம் வந்தது. அடைப்பும் எடுத்தாயிற்று. மறுநாள் மாமா தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

இந்த ரம்ஜானில் எங்கள் வீட்டு இஃப்தாருக்கு அருள்மொழியையும் கூப்பிட்டிருந்தேன். பாசித் தட்டு வந்ததும், வழக்கம்போல யாரையும் கை வைக்க விடாமல் மாமா தடுத்தார். "டாக்டரம்மா, இது திங்கறதா, குத்தறதா?" வருடா வருடம் கேட்பதுதான். வீடு முழுக்கச் சிரிக்கும். நான் முறைப்பேன்.

திங்கிறதுதான் என்று அம்மா சத்தியம் செய்த பிறகு, மாமா தானே கத்தியை வாங்கி வெட்டினார். வழக்கமாக அவருக்கு வரும் நடுத் துண்டை எடுத்து அருள்மொழியின் தட்டில் வைத்தார்.

"பாத்துக் கடிம்மா" என்றார்.