பெஞ்சு பார்க்கப் போன கதை

தெரியாத வார்த்தையால் நான் கெட்டதே இல்லை. தெரியாதென்றால் நாலு பேரிடம் கேட்டுவிடுவேன். தெரிந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. 'பெஞ்சு' எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கம். (பெரும்பாலும் அதன் மேல் ஏறி நின்ற பழக்கம்.)

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். யாரிடமும் தொழில் கற்றதில்லை. கேட்டால் 'சுயம்பு' என்பேன். இரண்டடிக்கு இரண்டடிக் கல்லில் என்னை மிஞ்சக் காரைக்குடியில் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், மேரி டீச்சர் புது வீடு கட்டினார். ஹால் சுவருக்கென்று எட்டடி உயரம், நாலடி அகலத்தில் நான்கு டைல்ஸ் வந்து இறங்கின. வெள்ளையில் சாம்பல் கோடு. நான்கையும் வரிசையாக ஒட்டினால் சுவர் முழுக்க ஒரே ஆறு ஓடும். ஒன்று உடைந்தாலும் ஆறு அறுந்துபோகும். உபரி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கிறார்.

டீச்சரின் தம்பி மதுரையிலிருந்து ஆள் கூட்டிவருவதாகச் சொன்னார். டீச்சர் கேட்கவில்லை.

"வெளியூர் ஆளெல்லாம் வேணாம். நம்ம பாண்டி செஞ்சிருவான். ஏய்யா, செஞ்சிருவேல்ல?"

"நீங்க நிம்மதியா இருங்க டீச்சர். வாரவுக எல்லாரும் சுவத்தத்தான் பாக்கப் போறாக."

டைல்ஸ் கடைக்காரர் போனில் எச்சரித்தார். "அண்ணே, பெரிய சைஸு. தரையில போட்டு வெட்டிறாதீக. பெஞ்சு வேணும். நீளம் உசரமெல்லாம் பாத்து, ஆடாததா எடுத்துக்கங்க."

"பெஞ்சுதானே? கவலய விடுங்க."

பார்த்து எடுக்கச் சொன்னாரே என்று முறையாகவே பார்த்தேன். பெண் பார்க்க ஒரே வீட்டுக்குத்தான் போனேன். பெஞ்சு பார்க்க மூன்று டீக்கடை ஏறினேன். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, இங்குட்டும் அங்குட்டும் ஆட்டிப் பார்த்து, ஒரு டீ, ஒரு வடை. முதல் பெஞ்சு நொண்டியது. இரண்டாவது நல்ல பெஞ்சு, ஆனால் அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "அவரோட சேத்துன்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். மூன்றாவது கடையில் எட்டடி நீளத்தில் ஜோடியாக இரண்டு கிடந்தன.

"என்னண்ணே, வீட்ல விசேசமா?"

"டைல்ஸ் வைக்க."

"டைல்ஸெல்லாம் உக்காந்து டீ குடிக்க ஆரம்பிச்சிருச்சா?"

இரண்டையும் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒட்டிப் போட்டுக் கயிற்றால் கட்டினோம். மூன்று டைல்ஸ் வெட்டும் வேலையே இல்லாமல் சுவரேறிவிட்டன. நான்காவதில் மட்டும் ஒரு முனையில் சுவிட்ச் பெட்டிக்கு ஓட்டை போட வேண்டும். அந்த முனையை இரண்டடி வெளியே தள்ளிவைத்தோம். அதில் மிஷினை வைத்து அழுத்தியதும் பெஞ்சின் பின்பக்கம் லேசாகத் தரையை விட்டு எழுந்தது.

"அண்ணே, தூக்குது" என்றான் கூட்டாளி முருகேசன். அவனுக்கு எதிலும் சந்தேகம்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று பின்முனையில் உட்கார்ந்தேன். பெஞ்சு அடங்கியது. என் உடம்புக் கனம் தொழிலுக்கு உதவுவது அதுதான் முதல் தடவை. முருகேசன் மிஷினை ஓடவிட்டான்.

அப்போது வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது. மந்திரிப்புக்கு முன்னால் வீட்டை ஒரு பார்வை பார்த்துப்போக ஃபாதர் வந்திருக்கிறார். நான் ஐயனார் கும்பிடுகிறவன்தான். அதற்காகப் பெரிய மனுஷர் வரும்போது உட்கார்ந்தா இருக்க முடியும்? (எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தால் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.) சட்டென்று எழுந்து, இரண்டு கையும் கூப்பி, "வாங்க சாமி!" என்றேன்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் ஃபாதர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சும் எழுந்து நின்றது.

டைல்ஸ் சறுக்கிப் போய்த் தரையில் குத்தி, நடுவில் இரண்டானது. முருகேசன் வெட்ட ஒன்றும் இல்லாமல் மிஷினைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் வேணா... அப்புறமா வரட்டுமா?" என்றார் ஃபாதர்.

சத்தம் கேட்டு டீச்சர் உள்ளிருந்து வந்தார். என் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. "மரியாதை கொஞ்சம் கூடிப்போச்சு, பாண்டி" என்றார். சிரிக்கவில்லை. ஒட்டிய மூன்றையும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தத் தடவல் மறக்கவில்லை.

டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போனேன். "பெஞ்சு வாங்கச் சொன்னீகல்ல, பாருங்க என்னாச்சுன்னு!" அவர் ஒரு படம் அனுப்பினார். அலுமினியச் சட்டம், குறுக்குக் கம்பிகள், ரப்பர் பட்டை, கீழே சக்கரம். அகலமாக, கட்டில் மாதிரி இருந்தது.

"இதாண்ணே பெஞ்சு. நீங்க எதுல வச்சீக?"

சொன்னேன். எந்தக் கடை என்று விசாரித்தார். பிறகு, "டீ நல்லா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பங்கு சுவரில் ஆறும், நான்காம் பங்கில் சிமெண்டுமாக மந்திரிப்பு நடந்தது. ஃபாதர் சிமெண்டில் மட்டும் தீர்த்தத்தைக் கொஞ்சம் தாராளமாகத் தெளித்தார். பிறகு வந்த மாற்று டைல்ஸை அலுமினியப் பெஞ்சு வாங்கி, அதில் வைத்துத்தான் வெட்டி ஒட்டினேன். ஆனால் அது வேறு லாட்டு, கோடு பொருந்தவில்லை. ஆறு அங்கே வந்ததும் ஒரு சாண் மேலே தாவி ஓடுகிறது. வருகிறவர்கள் கேட்டால் டீச்சர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார்: "இங்கதான் ஃபாதர் வந்தாரு."

டீச்சராவது சுவரோடு நிறுத்திக்கொண்டார். என் வீட்டில் இன்னும் விட்டபாடில்லை. யார் வந்தாலும் சரி, என் மனைவி செல்வி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள்.

"ஒரு நிமிசம் அங்கயே நில்லுங்க. இவுக எந்திரிக்கப் போறாக, கண்ணாடிச் சாமான எடுத்து வச்சுட்டு வாரேன்."