பூஜை போட்ட பிரேக்

காரை வேகமாக ஓட வைக்க ஆசைப்படும் எவனும் அதை நிறுத்துவதைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பான். நான் அதற்கும் பிறகு யோசித்தவன்.

கிள்ளானில் அப்போது என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. ஹாஃப்-கட் கடையில் (ஜப்பானில் பாதியாக வெட்டிய கார்களைக் கொண்டுவந்து விற்பார்கள், முன்பாதியோடு என்ஜினும் வரும்) ஒரு டர்போ என்ஜினை மலிவாக வாங்கி அதில் திணித்திருந்தேன். கார் பறந்தது. பிரேக் மட்டும் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வரும் வேகத்துக்குச் செய்த அதே பழைய பிரேக்.

நான் கட்டிக்கொள்ளப்போகும் கவிதாவின் அப்பா போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் கவிதாவை அழைத்துப்போவேன் என்று நான் பெருமையடித்தபோது, மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“ஓடுறது பெருசில்ல லா தம்பி. நிக்கிறத நான் கண்ணால பாக்கணும். அப்புறந்தான் என் பொண்ணு அதுல ஏறுவா.”

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மறுவாரமே அதே கடையில் பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பிரேக் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் வாங்கினேன். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டச் சொன்னார் கடைக்காரர். மூன்று வீடியோ பார்த்தவனுக்கு மெக்கானிக் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நானே மாட்டினேன். என்ஜினை அணைத்து வைத்தே மிதித்துப் பார்த்தேன். ஏழெட்டு தடவை மிதித்ததும் பெடல் கெட்டியாக நின்றது.

ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். (பக்தியெல்லாம் இல்லை, பூஜைக்கு மாமாவை வரவழைத்து அசத்தும் திட்டம்.) அடுத்த சந்திலிருந்த கோயிலுக்கு இரண்டு நண்பர்கள் காரைத் தள்ளிவந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வழியில் தெரிந்த ஆன்டிகளுக்குக் கையசைத்தேன்.

குருக்கள் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா காருக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கவிதா ஓரமாக நின்றாள். என்ஜினைக் கிளப்பி மெதுவாக கிளச்சை விட்டேன். பழங்கள் அழகாக நசுங்கின. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது.

கோயில் வாசல் சரிவு. கார் நிதானமாக, மரியாதையாக, மாமாவை நோக்கிப் போனது. வேறு யாராயிருந்தாலும் விலகியிருப்பார்கள். மாமா இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றி, என்னையே பார்த்தபடி, வேட்டியோடு பின்னால் நடந்தார். கைப்பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. கவிதாதான் ஓடிவந்து இடது கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்து அதை இழுத்தாள். மாமாவின் முதுகு பூக்கடை மேசையில் முட்டிய இடத்தில் கார் நின்றது.

இறங்கி மாமாவிடம் ஓடினேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயத்தில் முதுகைத் தடவிப் பார்த்தேன். மாமா வேட்டியைத் தட்டிவிட்டு, குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை வெளியே விடும் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். என்னுடையவை இரண்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன, காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டது. என்ஜின் அணைந்திருக்கும்போது நாலைந்து தடவை மிதித்தால் எந்தப் பெடலும் கெட்டியாகத்தான் தெரியுமாம். காற்று மேலேதான் போகும் என்பது ஆரம்பப் பள்ளிப் பாடம்.

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமா நிமிர்ந்தார்.

“பொண்ணு குடுக்கிறேன் தம்பி. அவளுக்காச்சும் பிரேக் போடத் தெரியுது. ஆனா ஓட்டுறது அவதான்.”

மறுநாள் அவரே வந்து அரை மணி நேரத்தில் மாற்றி மாட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று பட்டுப்புடவையில் கவிதா ஓட்ட, நான் மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் அதிகம் அளந்தால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கைப்பிரேக் போடுவதுபோல் இடது கையால் காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். போன மாதம் சாப்பாட்டு மேசையில் மாமாவிடம் அடுத்த என்ஜினைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். மாமாவும் கவிதாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாலு வயது மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் காற்றில் இழுத்தாள்.