இன்னொரு கையெழுத்து

அனுமதி கேட்காமல் யாரோ முதல் பாடத்தில் கை வைத்திருந்தார்கள்.

தலைவருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் தனி ஆளாக உருவாக்கிய கணினி மொழி. இப்போது நாற்பது பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அறிவித்தவரும் அவரேதான். அதற்காக, கற்பவர்களுக்கென்று அவரே எழுதிய முதல் பாடத்தின் வரியையேவா?

திருத்தியவர் வைத்துக்கொண்ட பெயர் 'எறும்பு'. ஏழாவது வரி கணினியில் ஓடவில்லை, சரிசெய்திருக்கிறேன் என்று பணிவாக ஒரு குறிப்பு வேறு.

"மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம்." அறை வாசலில் மாமனார். மாமியார் போனபின் இவர்களோடு வந்துவிட்டவர்.

"எதுவானாலும் எழுதி அனுப்புங்க மாமா." குழுவிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட வாக்கியம்.

தலைவர் பழைய வரியையே திரும்பப் போட்டார். எறும்பு மறுபடி திருத்தியது. இப்படி நான்கு முறை. நான்காவது குறிப்பில், 'வீட்டில் ஒருவரோடு பேச இந்த மொழி தேவைப்படுகிறது' என்றிருந்தது.

கிண்டல் என்று முடிவுகட்டினார். கணினி மொழியில் வீட்டில் எவன் பேசுவான்? வேலைவெட்டி இல்லாதவர் என்று திட்டி, எறும்புக்குத் தடை போட்டார்.

எறும்புக்காகப் பலர் கொடி பிடித்தார்கள். அடக்க ஒரு விதி செய்தார்: இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது, தடையையும் நீக்கக் கூடாது. நியாயமாகத் தெரியட்டும் என்று 'நான் உட்பட' என்றும் சேர்த்தார்.

கையெழுத்துகள் தேங்கின. ஐவர் குழு அமைத்தார். ஐவரும் ஒருவர் கையெழுத்தை ஒருவர் ரத்து செய்தார்கள். மூன்றே வாரத்தில் எல்லோரும் மொழியை நகலெடுத்து, வேறு பெயர் சூட்டி, கிளம்பிவிட்டார்கள். அவர்கள் செய்த முதல் வேலை ஏழாவது வரியைத் திருத்தியது.

தலைவர் தானே அந்த வரியைச் சோதித்தார். ஓடவில்லை. பன்னிரண்டு வருஷமாகவே ஓடியிருக்காது.

விதியை ரத்து செய்ய உட்கார்ந்தார். 'இன்னொருவர் கையெழுத்து தேவை' என்றது திரை. பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே பெயர். எறும்பு. பக்கத்தில் சிவப்பாகத் தடை. அதை நீக்கவும் இன்னொருவர் கையெழுத்து தேவை.

கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமென்றால் ஆள் யாரென்றே தெரியாது. வாசலில் நிழலாடவும் தலைவர் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பினார்.

"உள்ள வாங்க மாமா. அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே. எழுதவெல்லாம் வேணாம், நேர்லயே சொல்லுங்க."

மாமனார் உள்ளே வந்தார்.

"எழுதித்தான் அனுப்பினேன் மாப்பிள்ளை, நாலு தடவை. நீங்கதான் தடை போட்டுட்டீங்க."