பில், ஹால், நோல்

கலியன் அந்த ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போதே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். இன்று மனைவியை ஜெயித்தே தீருவது. கல்யாணமான நாளிலிருந்து இதே தீர்மானத்தை அவர் பல தடவை எடுத்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் கையில் தீர்மானம் மட்டும்தான் இருந்தது. இந்தத் தடவை திட்டமும் இருந்தது.

பல் தேய்த்தது சமையலறைத் தொட்டியில். பாத்ரூமுக்குள் மகள் மானசா இருந்தாள். கதவுக்கு வெளியே பள்ளிக்கூட டீச்சரான மனைவி இந்திராணி துண்டோடு நின்றாள். அவளுக்குப் பிறகுதான் கலியனின் முறை.

டில்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இவர்கள் வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். அதாவது, அரசாங்கம் கொடுத்தது இரண்டு. முன்பக்கம் இருப்பது குந்தி உட்காரும் வகை. பின்பக்கம் இருப்பது நாற்காலி மாதிரி உட்காரும் வெஸ்டர்ன் வகை. பின்பக்கத்தில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் உண்டு. நல்ல உள்தாழ்ப்பாளும் உண்டு. ஆறு மாதம் முன்னால் கலியன் அந்த வெஸ்டர்ன் மேல் ஒரு பலகையைப் போட்டார். பலகை மேல் பெயிண்ட் டப்பா, பிரஷ், பிளாஸ்டிக்கில் உருவம் வார்க்கிற பிரிண்டர் எல்லாம் வந்து உட்கார்ந்தன. 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர் வைத்தார். இந்திராணியும் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

உள்ளே நடப்பது ரயில் செய்கிற வேலை. கலியன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், பண்ருட்டிக்காரர். இங்கிலாந்தை மேப்பில் பார்த்ததோடு சரி. ஆனால் தெற்கு இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஓடிய பச்சை நிற மின்சார ரயில்களைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். இதனாலேயே ஆபீசில் பல பேர் அவரோடு லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறி, உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள்.

அந்த ரயில்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பிரிண்டரில் மாதிரி செய்து பார்த்து, இங்கிலாந்தில் மாடல் ரயில் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு அனுப்பிவைப்பது அவர் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது, நன்றி உண்டு. அந்த வாரம் கம்பெனி முதலாளி வில்சன் எழுதியிருந்தார்: உங்கள் மூன்று ரயில்களும் அருமை, ஆனால் இந்த வருஷம் ஒன்றைத்தான் எங்களால் தயாரிக்க முடியும், எது என்று நீங்களே ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். கலியனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்மூரில் எந்த ரயில் எங்கே ஓட வேண்டும் என்று வெள்ளைக்காரன் முடிவு பண்ணின காலம் போய்விட்டது. இப்போது வெள்ளைக்காரன் வீட்டு மேஜை மேல் எது ஓட வேண்டும் என்று பண்ருட்டிக்காரன் முடிவு பண்ணுகிறான். சுதந்திரம் என்றால் இதுவல்லவா என்று தோன்றியது.

மூன்றுமே இரண்டு பெட்டி ரயில்கள். பெயர் பில், ஹால், நோல். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த ரயில்வேக்காரன் ரொம்ப வெளிப்படையானவன். எந்த ரயிலில் எத்தனை கக்கூஸ் என்பதை வைத்தே பெயர் சூட்டிவிட்டான். இரண்டு பெட்டியிலும் கக்கூஸ் இருந்தால் பில். பாதிக்குப் பாதி, அதாவது ஒரு பெட்டியில் மட்டும் இருந்தால் ஹால். எதிலுமே இல்லாவிட்டால் நோல். பாத்ரூம் சண்டை நடக்கிற வீட்டில் இந்த விளக்கத்தை வாயைத் திறந்து சொல்ல முடியுமா? கலியன் சொல்லவில்லை.

சண்டை முற்றியதற்குக் காரணம், இந்திராணியின் அண்ணன் முருகன். முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆன மனிதர், மனைவி தமிழ்செல்வியோடு பத்து நாள் டில்லி பார்க்க மறுநாள் காலை வந்து இறங்குகிறார். குந்தி உட்காரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பலகையை எடுக்க வேண்டும் என்பது இந்திராணி உத்தரவு.

எடுத்தால் என்ன, பத்து நாள்தானே என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர் கேட்கமாட்டார். ஒரு நாற்காலியைப் பத்து நாள் காலி செய்தால் அது திரும்பி வராது. கலியனுக்கோ அந்த அறை உயிர். வீட்டில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். "என்னா பண்றீங்க?" என்று யாரும் கேட்காத இடம். கேட்டாலும் ஃபேன் சத்தத்தில் காதில் விழாத இடம்.

ஆகவே திட்டம். ரயிலை இந்திராணியே தேர்ந்தெடுக்கட்டும். 'நீ கேட்ட ரயில்தானே, செய்ய இடம் வேண்டாமா?' என்று பிறகு மடக்கிவிடலாம். முருகனுக்கு சாணக்யபுரியில் ஏதாவது ஒரு விருந்தினர் இல்லத்தில் அறை போட்டுவிடலாம். கலியனின் ஆசையோ பில் மேல். அதை இந்திராணி வாயால் வரவழைப்பது சுலபம். அவர் நீலத்திரை என்றால் அவள் காப்பிக்கலர் வாங்குவாள். அவர் மணாலி என்றால் அவள் ஹரித்வாருக்கு டிக்கெட் எடுப்பாள். ஹாலைப் புகழ்ந்து பில்லைத் திட்டினால் போதும்.

மூன்று மாடல்களையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தார். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு உஷாராணி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்க வந்தாள். திருநெல்வேலிக்காரி. வந்த காரியம் முடிந்தும் போகாதவள்.

"என்னாங்க இது, சோறு திங்கிற எடத்துல ரயிலு?" என்றாள் இந்திராணி.

"உக்காரு இந்திரா. ஒரு முக்கியமான முடிவு. இதுல ஒண்ணுதான் இங்கிலாந்துல மாடலா வரப்போவுது. எதுன்னு நீதான் சொல்லணும்."

"நானா?"

"நீதான். இந்த வீட்ல உன் பேச்சுதானே கடைசிப் பேச்சு?"

"அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு, காய்ச்சலா?" என்றாள் உஷாராணி.

இந்திராணி முதல் ரயிலைக் கையில் எடுத்தாள். "இதும் பேரு?"

"பில்."

"கரண்ட் பில்லா?"

"ஒரு துரை பேரும்மா."

"இது?"

"ஹால்."

"ஹால்ல எடமில்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"இதுவும் ஒரு துரைதான்."

"இது?"

"நோல்."

"இவரு யாரு?"

"பில்லுக்கு மச்சான்," என்றார் கலியன், வாயில் வந்ததை.

உஷாராணி குனிந்து பார்த்தாள். "மேல கம்பியே இல்லையே அண்ணாச்சி. கரண்டு எப்படி வரும்?"

கேட்டது யார் என்பதெல்லாம் கலியனுக்குப் பொருட்டில்லை. இந்த ரயில்களுக்கு மேலே கம்பி கிடையாது, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போகும், மின்சாரம் அதில்தான் என்று விளக்கினார். பார்த்தால் சாதுவாக, சும்மா கிடக்கிற மாதிரி கிடக்கும், தொட்டவனுக்குத்தான் தெரியும் என்றார். சொல்லும்போது அவர் இந்திராணியைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"என்னைக் கேட்டா ஹால்தான்," என்று திட்டத்தை ஓட்டினார். "என்னா லட்சணம் பாரு. பில்லு வேஸ்ட். அதப் பாத்தாலே எனக்கு ஆவல."

"அப்படியா?" இந்திராணி மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் எதச் சொன்னாலும் செய்வீங்களா?"

"செய்வேன்."

"அப்பறம் அது நொட்டை, இது நொள்ளைன்னு மாத்தமாட்டீங்களே? அசல்ல எப்படியோ அப்படியே செய்வீங்களா?"

கலியனின் தொழில் பக்தியை யாரும் அப்படிச் சந்தேகப்பட்டுவிட முடியாது. நெஞ்சை நிமிர்த்தினார். "அசல்ல எது எத்தனை இருந்துச்சோ, அது அத்தனையும் இங்கியும் இருக்கும். ஒண்ணு கொறஞ்சா என் பேரு கலியன் இல்ல."

"இங்கன்னா?"

"இங்கதான். இந்த வீட்லதான்."

"எங்கண்ணன் முழங்கால் மேல சத்தியமா?"

"உங்கண்ணன் ரெண்டு முழங்கால் மேலயும் சத்தியம்."

"உஷா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன்க்கா. நல்லா கேட்டேன்."

"அப்ப பில்லு," என்றாள் இந்திராணி.

கலியனுக்கு உள்ளே மேளம் கொட்டியது. வெளியே ஒரு பெருமூச்சு விட்டார். தலையைத் தொங்கப் போட்டார். "ஹால் இல்லியா?" என்று ஒரு தடவை பரிதாபமாகக் கேட்டும் வைத்தார். பிறகு அவள் மனம் மாறுவதற்குள் போனை எடுத்து வில்சனுக்குச் செய்தியைத் தட்டிவிட்டார்.

"அனுப்பிட்டீங்களா?"

"போயிடுச்சு. இனிமே அந்த ஊரு ராஜாவே வந்து சொன்னாலும் மாத்த முடியாது. சரி இந்திரா, நீ ஆசப்பட்டுக் கேட்ட ரயிலு. செய்யறதுன்னா எடம் வேணும் பாரு. அந்த ஒர்க்‌ஷாப்பு..."

"அது இருக்கட்டும். இந்த ஒரு ஜன்னல் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

கலியன் சொல்ல வந்தது பாதியில் நின்றது. "எந்த ஜன்னல்?"

"எல்லாக் கண்ணாடியிலயும் உள்ள தெரியுது. இதுல மட்டும் தெரியல. பில்லுல ரெண்டு பெட்டியிலயும் இருக்கு. ஹால்ல ஒரு பெட்டியில மட்டும் இருக்கு. உங்க பில்லு மச்சான்ல ஒண்ணுமே இல்ல."

"அது வந்து... டிசைன்."

"நம்ம ரெண்டு பாத்ரூம் ஜன்னல்லயும் இதே டிசைன்தான். வாராவாரம் அந்தக் கண்ணாடியத் தொடைக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா? கக்கூஸுக்கு எவனாவது தொரை பேரு வெப்பானா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒரு தடவைதான் கத்தும். கலியன் அன்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"அசல்ல எத்தினி?" என்றாள் இந்திராணி.

"எது?"

"கக்கூஸு."

"ரெண்டு."

"இந்த வீட்ல இப்ப எத்தினி?"

"இந்திரா, நான் சொன்னது மாடலப் பத்தி."

"எது எத்தனை இருந்துச்சோ அத்தனையும் இந்த வீட்லதான்னீங்க."

"சொன்னிய அண்ணாச்சி," என்றாள் உஷாராணி. "முழங்கால் மேல சத்தியமே பண்ணுனிய. அதும் ரெண்டு முழங்கால்."

அப்போதுதான் ஒருவழியாகக் குளித்து முடித்து வந்த மானசா தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்பா, ப்ளீஸ், மான் ஜாவோ," என்றாள். ஒத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். டில்லியில் பிறந்த பெண்ணுக்குச் சமாதானம் பேச இந்திதான் வந்தது.

கலியன் கடைசியாக ஒரு கிளையைப் பிடித்தார். "வேணும்னா ஹாலுக்கு மாத்திக்கலாமா? நீ சொன்னா மாத்தறேன்."

"ஹாலுதான் இப்ப ஆறு மாசமா ஓடுதே. மூணு பேரு ஒரு கதவு முன்னாடி நின்னு நின்னு எனக்குக் காலு வீங்கிப் போச்சு."

மேஜை மேல் போன் ஒரு தடவை சிணுங்கியது. வில்சன். அற்புதமான தேர்வு, வேலையை ஆரம்பித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். கலியன் தன் வாழ்நாளில் ஆசைப்பட்ட ரயில் அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்து அவ்வளவு துக்கப்பட்ட மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

மத்தியானமே பலகை இறங்கியது. ஒர்க்‌ஷாப் பால்கனிக்குப் போனது. அங்கே தாழ்ப்பாள் கிடையாது. எதிர் பிளாக்கிலிருந்து முப்பது பேர் பார்க்கலாம். கலியன் ஒரு டப்பாவைத் தூக்கிப் போய் வைத்துவிட்டு, வெறும் அறையை ஒரு நிமிஷம் பார்த்தபடி நின்றார். இந்திராணிக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிரிண்டர் மேல் தூசி விழாமல் தன் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, ஓரத்தில் செருகிவிட்டாள். ஆனால் பலகையை மட்டும் உடனே பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டாள். பாவம் வேறு, ஜாக்கிரதை வேறு.

மறுநாள் காலை முருகனும் தமிழ்செல்வியும் வந்து இறங்கினார்கள். காப்பி குடித்தார்கள். கலியன் ஆபீஸ் போகிற அவசரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். கதவு சாத்தியிருந்தது. அவர் ஆசையாகப் பார்த்துப் பார்த்து எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் உள்ளே கச்சிதமாக விழுந்திருந்தது.

"மாப்ள," என்று உள்ளிருந்து முருகன் குரல் வந்தது. "எடம் ரொம்ப சௌரியமா இருக்கு. பேப்பர் வந்துடுச்சின்னா கதவுக்கு அடியில தள்ளுங்க."

கலியன் வேகமாக முன்பக்கம் ஓடினார். அதுவும் சாத்தியிருந்தது. உள்ளே தமிழ்செல்வி குழாயைத் திறந்துவிட்டு, சாவகாசமாகப் பாட ஆரம்பித்திருந்தாள். கலியன் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பிறகு மறுபடி மாற்றினார்.

டிபன் டப்பாவோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய இந்திராணி, செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"பில்லு ஃபுல்லுங்க," என்றாள். "நீங்க நோல்ல வாங்க."