ஃபேன் வாங்கப் போய் ரேடியோவுக்கு ஜாமீன் போட்ட கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு டேபிள் ஃபேன் வாங்கணும்.

நயா பைசா வந்து நாலஞ்சு வருஷம் ஆன சமயம். ஸ்ரீரங்கத்துல ஒரு ஒண்டுக்குடித்தனத்துல நான், என் சம்சாரம் சரோஜா, எட்டு மாசக் குழந்தை. சித்திரை வெயில்ல குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி அது தூங்காது, எங்களையும் தூங்க விடாது.

"ஒரு ஃபேன் வாங்குங்க. இல்லன்னா நான் லால்குடிக்கு அப்பா வீட்டுக்குப் போறேன்"னு சரோஜா சொல்லிட்டா.

நான் கண்டோன்மெண்ட்ல ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா. சம்பளம் நூத்தி நாப்பது, ஃபேன் விலை நூத்தம்பது. ஆனா தென்னூர்ல ஒரு கடையில கார்டு கொடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். பத்து கட்டம் போட்ட ஒரு அட்டை. பொருளை இன்னைக்கே தூக்கிட்டுப் போகலாம். மாசா மாசம் பணம் கட்டினா ஒவ்வொரு கட்டமா சீல் குத்துவாங்க. மனுஷனோட நாணயத்தை மட்டும் நம்பி நடக்கற வியாபாரம்னு நினைச்சேன்.

மத்தியானம் கடைக்குப் போனேன். முதலாளி எனக்கு மோர் எல்லாம் கொடுத்தார்.

"உங்களை நம்பாம வேற யாரை சார் நம்பப் போறோம்? ரெண்டு ஜாமீன் மட்டும் கொண்டு வந்துடுங்க. பெர்மனெண்ட் உத்தியோகஸ்தரா இருக்கணும்."

ஆபீஸுக்கு வந்து பக்கத்து சீட்டு நடராஜன்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன். யோசிக்கவே இல்லை.

"கையெழுத்துதானப்பா, போட்டாப் போச்சு. அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடு"ன்னு டிராயரைத் திறந்தான். ரேடியோவுக்கு அப்ளிகேஷன் தயாரா இருந்தது. யாராவது வந்து மாட்டுவான்னு எத்தனை நாளா காத்திருந்தானோ.

அடுத்து ஹெட்கிளார்க். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"போடறேன். பொண்ணுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். நீயும் நடராஜனும் எனக்குப் போடுங்க. நானும் நடராஜனும் உனக்குப் போடறோம். நானும் நீயும் நடராஜனுக்கு."

மூணு பேர் சேர்ந்தா எவ்வளவு பெரிய பலம்னு எனக்குப் பெருமையா இருந்தது. மூணு பேர்கிட்டயும் காசு இல்லைங்கறது அப்போ தோணலை.

சாயங்காலம் மூணு பேருமா கடைக்குப் போனோம். மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. "சார், நீங்க முதல்ல"ன்னு ஹெட்கிளார்க்கை விட்டேன். தையல் மெஷின் குதிரை வண்டியில ஏறிடுச்சு. "நடராஜா, நீ முடிச்சுக்கோ"ன்னேன். ரேடியோவும் பெட்டியில வந்துடுச்சு. ரெண்டு அப்ளிகேஷன்லயும் ஜாமீன்தாரர்ங்கற இடத்துல என் கையெழுத்து அழகா இருந்தது.

என் முறை வந்தது. முதலாளி பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கொடுக்க முடியாதுங்களே."

"ஏங்க?"

"ஏற்கெனவே ரெண்டு பேருக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க. உங்க சம்பளத்துக்கு இதுக்கு மேல தாங்காது. அது எங்க கடை ரூல்."

"இப்பத்தானங்க அஞ்சு நிமிஷம் முன்னாடி என்னை நம்பி ரெண்டு பொருளை அனுப்புனீங்க?"

"அவங்களுக்காக உங்களை நம்பினோம். உங்களுக்காக நம்பறதுக்கு மிச்சம் இல்லையே சார்."

என் அப்ளிகேஷனை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வெளியே வந்தேன்.

நடராஜனும் ஸ்ரீரங்கம்தான். அவனுக்கு இடுப்பு வலியாம். மெயின்கார்டு கேட்லேருந்து பஸ்ல ரேடியோ பெட்டியை என் மடியில வச்சுக்கிட்டு வந்தேன். லக்கேஜ் டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன். அவன் வீடு எங்க வீட்டைத் தாண்டித்தான். வாசல்ல நின்ன சரோஜா பெட்டியைப் பார்த்துட்டு, குழந்தையோட ஓடி வந்தா.

"வாங்கிட்டீங்களா?"

"இது நடராஜனோட ரேடியோ."

"அப்ப ஃபேன்?"

நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில முதல் ரயிலுக்கு லால்குடி போயிட்டா. திரும்பி வர ஒரு மாசம் ஆச்சு.

ஹெட்கிளார்க் தவணையை ஒழுங்காக் கட்டினார். அதைக் குறை சொல்லக்கூடாது. நடராஜனும் ரெண்டு மாசம் கட்டினான். மூணாவது மாசம் அவனுக்கு வையம்பட்டி பக்கம் மாத்தல் வந்தது. ரேடியோவை எடுத்துக்கிட்டான். கார்டை எடுத்துக்க மறந்துட்டான்.

ஆடி பிறந்ததும் கடை ஆள் என் வீட்டுக்கு வந்தார். ரொம்ப மரியாதையானவர்.

"உங்களைக் கேக்கலை சார். உங்க கையெழுத்தைத்தான் கேக்கறேன்."

என் கையெழுத்துகிட்ட ஏது பணம்? நான்தான் இருபது ரூபா எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு ஜாமீனான ஹெட்கிளார்க், தையல் மெஷின் தவணைக்கே சம்பளம் சரியாப் போகுதுன்னு கையை விரிச்சுட்டார்.

ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டுல ஒண்ணு பார்த்துடறதுன்னு வையம்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் கோபமாப் பேசிப் பார்த்துக்கிட்டேன். நடராஜன் வாசலுக்கே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். உள்ளே போனா ஜில்லுனு காத்து. மேஜை மேல புத்தம்புது ஃபேன் சுத்திக்கிட்டு இருந்தது.

"இங்க வெயில் ஜாஸ்திப்பா. வேற வழியில்லாம தவணையில வாங்கிட்டேன். அதனாலதான் ரேடியோ தவணை கொஞ்சம் இடிக்குது"ன்னான்.

அந்தக் காத்துல உக்காந்துக்கிட்டு எனக்குக் கோபமே வரலை. இலை போட்டுச் சாப்பாடு போட்டாங்க. ரேடியோவுல கச்சேரி வச்சான். கேட்டுட்டு வந்துட்டேன்.

"பணம் கொடுத்தாரா?"ன்னு சரோஜா கேட்டா.

"ரேடியோ நல்லாப் பாடுது"ன்னேன்.

மாசி வரைக்கும் எட்டு தவணை நானே கட்டினேன். நடுவுல ஐப்பசி மழையில குழந்தைக்கு வேர்க்குரு தானா போயிடுச்சு. அந்த ஒரு விஷயத்துல ஜாமீன் கேக்காம உதவி பண்ணினது மழை மட்டும்தான்.

கடைசிக் கட்டத்துல சீல் குத்தினதும், மறுபடி வெயில் வருதேன்னு முதலாளிகிட்ட தைரியமா ஃபேன் கேட்டேன்.

அவர் கார்டைத் தடவிப் பார்த்தார்.

"நடராஜன் சாருக்கு எங்க கடையில இப்ப ரொம்ப நல்ல பேரு. பத்து தவணையும் நாள் தவறலை. அவருக்கு எது வேணும்னாலும் ஜாமீனே இல்லாம கொடுப்போம்."

"அதுல எட்டு நான் கட்டினதுங்க."

"கார்டுல அவர் பேருதானே இருக்கு? நீங்க எங்களுக்குப் புதுசு சார். ரெண்டு ஜாமீன் கொண்டு வாங்க."

கடைசியில ஃபேன் வாங்கினது என் மாமனார்தான். நெல்லு வித்த பணத்தோட லால்குடியிலேருந்து வந்தவர், அதே கடையில ரொக்கமா எண்ணி வச்சார். முழுப்பணத்தையும் ஒரே தடவையா கொடுக்கற ஆளைப் பார்த்து முதலாளிக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துடுச்சாம்.

அதுக்கப்புறம் யாராவது பேனாவை நீட்டினா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடறேன்.